முன்னைய வாசிப்பு

ஹற்றனிலிருந்து பத்து மணித்தியாலம்.
கந்தளாய் தாண்டியதும் கம்பளிச் சட்டையைக் கழற்றிப்
பையில் திணித்தேன். பை மூடவில்லை.
வாய் பிளந்த அந்தப் பையோடுதான்
திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன்.
வெயில் என்னை யாரென்று கேட்கவில்லை.
மற்ற எல்லாரும் கேட்டார்கள்.

நீர் வழங்கல் சபை. மானி வாசிப்பாளர்.
ஜவுபர் சேர் ஒரு தொப்பி தந்தார், மூடி தூக்க ஒரு கொக்கி தந்தார்,
மூலை மடிந்த ஒரு கொப்பியும் தந்தார்.
"மெஷின் வரும் எண்டுறாங்க தங்கச்சி.
நாலு வருஷமா வந்துகொண்டிருக்கு."
தொப்பி காதில் வந்து நின்றது.

கொப்பி எனக்கு முன்னிருந்தவருடையது.
செ. பத்மசீலன். மூதூருக்கு மாற்றலாகிப் போனவர்.
நான் பார்த்ததில்லை.
எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால்
பொடி எழுத்தில் நிரப்பி வைத்திருந்தார்:
நாய் உண்டு, கடிக்காது.
நாய் இல்லை என்பார்கள், உண்டு.
மானி கொய்யாவுக்குக் கீழே. கொய்யாவும் தருவார்கள்.
சிங்களத்தில், உரக்க. காது கேளாது.
பில் கண்டால் ஏசுவார். ஏசி முடியட்டும்.
இங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கவும்.

மட்டிக்களியில், பதினொன்றரை வெயிலில்,
அந்தக் கடைசி வரியிடம் போய்ச் சேர்ந்தேன்.
செம்பை நீட்டியபடியே அந்த அம்மா கேட்டா:
"பத்மசீலன் எங்க?"
அன்று முழுக்க அதுதான் கேள்வி.
அடுத்தது, "பிள்ளை எந்த ஊர்?"
நோர்வூட் என்றேன்.
"அங்கயும் தண்ணிக்குக் காசோ?"

எங்கள் லயத்துக்கு மேலே
பீலியில் விழுந்த தண்ணியை யாரும் எண்ணியதில்லை.
கிழமையில் மூன்று நாள் விழாததையும்
யாரும் எண்ணியதில்லை.
இதைச் சொல்லவில்லை. செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
மானியைத் தேடிப் போனால்
மூடியின் மேல் மான் நிற்கிறது.
கொம்பில் ஒரு கிழிந்த சொப்பிங் பை.
கொக்கியைக் காட்டினேன்; முகர்ந்து பார்த்தது.
கொப்பியைப் புரட்டினேன்.
அந்த இலக்கத்துக்கு நேரே, அவர் கையெழுத்தில்:
மான் நிற்கும். காத்திருக்கவும்.
இந்த ஊருக்கு வந்து
முதல் தடவை சிரித்தேன்.

மனையாவெளியில் ஒரு பூட்டிய வீடு.
0417. போன மாதமும் 0417.
ஒன்பது பக்கம் பின்னால் போனாலும் 0417.
மாறாது. ஆனாலும் பார்க்கவும்.
மூடியைத் தூக்கி, தவளைக்கு வழிவிட்டு,
கண்ணாடியை விரலால் துடைத்தேன்.
மாறவில்லை. எழுதினேன்.

"கடல பாத்தியாடி?"
அம்மா போனில் கேட்கும்போதெல்லாம்
பார்த்தேன் என்றிருந்தேன்.
உண்மையில் போனது இரண்டாவது ஞாயிறு,
டச் பே கரைக்கு.
வேலை பழகிய கண்
அவ்வளவு தண்ணியிலும் மூடி எங்கே என்று தேடியது.
கால் நனைத்துவிட்டு வந்தேன்.

மாதக் கடைசி.
பாலையூற்றில் அக்னேஸ் அன்ரி வீட்டுப் பின்னறை
என் கொப்பியில் தனி இலக்கம்.
இரவு, போன் வெளிச்சத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.
முன்னைய வாசிப்பு 1286.
இம்மாத வாசிப்பு 1289.
மூன்று அலகு. மூவாயிரம் லீற்றர்.
சட்டை தோய்த்தது, சோறு வடித்தது,
முதல் கிழமை, அன்ரிக்குக் கேட்கக் கூடாதென்று
குழாயைத் திறந்துவிட்டு அழுதது,
எல்லாம் அதற்குள்தான்.
பிரித்துக் காட்ட மானிக்குத் தெரியாது.

குறிப்பு எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.
பத்மசீலன் காலத்தில் அந்த அறையில் யாரும் இல்லைப் போலும்.
பென்சிலைச் சீவினேன்.
ஆள் உண்டு.
ஆறரைக்குப் பிறகு வந்தால்
வெளிக்கிட்டிருப்பாள்.